மண்டபம் முகாமும் இந்தியக் குடியுரிமையும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இராமநாதபுரம் மாவட்டம் மண்டபத்தில், இலங்கைத் தமிழர் முகாமை ஒட்டி, மனு எழுதிக் கொடுக்கும் வேலை என்னுடையது. முதியோர் உதவித்தொகை, பிறப்புச் சான்று என்று ஆரம்பிக்கும் பேச்சு கடைசியில் குடியுரிமையில் வந்து நிற்கும். முகாம் ஆட்கள் மட்டுமல்ல, முகாமில் பெண் எடுத்த தங்கச்சிமடம் குடும்பங்களும், கொழும்புத் தொடர்புள்ள கீழக்கரைக்காரர்களும் இதே சந்தேகங்களோடு வருகிறார்கள். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்துப் பதில்களைத் தொகுத்திருக்கிறேன்.

நான் வக்கீல் இல்லை. எதிலும் கையெழுத்துப் போடும் முன் ஒரு வக்கீலிடம் காட்டிவிடுங்கள். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் பெண்களுக்கும் வருமானம் குறைந்தவர்களுக்கும் இலவச உதவி உண்டு.

வெளிநாட்டில எல்லாம் பி.ஆர். குடுக்கினம். இந்தியாவில அப்படி ஒண்டும் இல்லையா?

சாதாரண ஆளுக்கு இல்லை. கனடாவுக்குப் போன உங்கள் தம்பிக்கு முதலில் நிரந்தரக் குடியிருப்பு, சில வருஷம் கழித்துக் குடியுரிமை என்று இரண்டு படி இருக்கும். இங்கே வெளிநாட்டவர் விசாவில் இருக்கலாம், தகுதி இருந்தால் ஓ.சி.ஐ. அட்டை (இந்திய வம்சாவளி வெளிநாட்டவரும் இந்தியரை மணந்தவரும் நீண்டகாலம் தங்கத் தரும் அட்டை) வாங்கலாம், இல்லையென்றால் நேராகக் குடியுரிமைதான். நாட்டின் எந்தப் பகுதியிலும் குடியிருக்கும் உரிமையை அரசியலமைப்பின் 19ஆவது பிரிவு குடிமக்களுக்கு மட்டுமே தருகிறது.

2016இல் மத்திய அரசு ‘நிரந்தரக் குடியிருப்பு’ என்ற பெயரிலேயே ஒரு திட்டம் கொண்டுவந்தது. 18 மாதத்துக்குள் குறைந்தது 10 கோடி ரூபாய் முதலீடு செய்து, ஆண்டுக்கு 20 இந்தியர்களுக்காவது வேலை கொடுக்கும் வெளிநாட்டவருக்கானது அது. செய்தியைப் பார்த்துவிட்டு மனு எழுதச் சொல்லி வந்தவர்களும் உண்டு. நமக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

நாங்கள் தொண்ணூறில வந்தனாங்கள். இவ்வளவு காலம் இருந்தாலே குடியுரிமை தானா வந்திடும்தானே?

வராது. எத்தனை வருஷம் இருந்தீர்கள் என்பது சட்டத்துக்கு இரண்டாவது கேள்விதான். எப்படி வந்தீர்கள், பிள்ளை என்றால் எங்கே, எந்தத் தேதியில் பிறந்தது என்பதுதான் முதல் கேள்வி. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் இரண்டு வழிகள் இருக்கின்றன. 5ஆம் பிரிவின்படி பதிவு செய்வது ஒன்று. இந்திய வம்சாவளியினரும் இந்தியரை மணந்தவர்களும் 7 ஆண்டு இங்கே வசித்திருந்தால் கேட்கலாம். 6ஆம் பிரிவின்படி இயல்புரிமை பெறுவது இன்னொன்று; விண்ணப்பிப்பதற்கு முந்தைய 12 மாதம் முழுக்க இங்கே இருந்திருக்க வேண்டும், அதற்கு முந்தைய 14 ஆண்டில் மொத்தம் 11 ஆண்டு இருந்திருக்க வேண்டும்.

இரண்டுக்கும் வாசலில் ஒரு தடை: ‘சட்டவிரோதக் குடியேறி’ விண்ணப்பிக்க முடியாது. செல்லுபடியாகும் பாஸ்போர்ட்டும் உரிய ஆவணங்களும் இல்லாமல் வந்தவர், விசா முடிந்த பிறகும் தங்கியவர் இருவரும் அதில் அடக்கம். 2003இல் கொண்டுவந்த திருத்தம் இது, நடைமுறைக்கு வந்தது 2004 டிசம்பர் 3 அன்று. தலைமன்னாரிலிருந்து இரவோடு இரவாகப் படகில் வந்தவரை அரசே முகாமில் பதிந்து, வீடும் பணக்கொடையும் கொடுத்திருந்தாலும், வந்த விதம் வந்த விதமாகவே இருக்கிறது. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவும் இல்லை, அகதிகளுக்கென்று தனிச்சட்டமும் இங்கே இல்லை. குண்டுக்குப் பயந்து ஓடி வருகிறவர் விசாவுக்கு வரிசையில் நிற்க முடியுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. விண்ணப்பத்தில் அதைக் கேட்க இடமில்லை.

பிள்ளை இங்கதான் பிறந்தது. இந்த மண்ணில பிறந்தா இந்தியன்தானே?

பிறந்த தேதியைப் பொறுத்தது. 1950 ஜனவரி 26 முதல் 1987 ஜூன் 30 வரை இந்தியாவில் பிறந்தவர், பெற்றோர் எந்த நாட்டவராக இருந்தாலும், பிறப்பாலேயே இந்தியக் குடிமகன். 1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குத் தாய் தகப்பனில் ஒருவராவது இந்தியராக இருந்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 3 முதல் விதி இன்னும் இறுகியது. இரண்டு பேரும் இந்தியராக இருக்க வேண்டும். ஒருவர் மட்டும் இந்தியர் என்றால், மற்றவர் பிள்ளை பிறந்த நேரத்தில் சட்டவிரோதக் குடியேறியாக இருக்கக் கூடாது.

அதனால் ஒரே தாய் வயிற்றில் 86இல் பிறந்த அக்கா இந்தியர், 88இல் பிறந்த தம்பி இல்லை என்ற நிலை முகாம் வீடுகளில் நிஜமாகவே உண்டு.

நான் எண்பத்தாறில மண்டபத்தில பிறந்தனான். ஆனா பேர் முகாம் அட்டையில இருக்கு. அப்ப நான் ஆர்?

இந்தியர். முகாமில் பதிந்ததாலோ, பணக்கொடை வாங்கியதாலோ பிறப்பால் வந்த குடியுரிமை போகாது. 1986 ஏப்ரலில் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பெற்றோர் இலங்கையர் என்று சொல்லி பாஸ்போர்ட் மறுத்தார்கள். 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, அவர் பிறப்பால் இந்தியர், பாஸ்போர்ட் கொடுங்கள் என்று உத்தரவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலில் அவர் வாக்கும் போட்டார்.

இந்தக் கணக்கில் வருகிறவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம். குடியுரிமை விண்ணப்பத்தை நிரப்பாதீர்கள். அதை நிரப்பினால் ‘நான் வெளிநாட்டவர்’ என்று நீங்களே எழுதிக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். நேராக பாஸ்போர்ட்டுக்குத்தான் விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு உயிர்நாடி பிறப்புச் சான்றுதான். வீட்டிலேயே பிறந்து அப்போது பதியாமல் விட்டிருந்தால், ஓராண்டு கடந்த பதிவு என்பதால் வருவாய்க் கோட்டாட்சியரின் உத்தரவு வாங்கிப் பதிய வேண்டும். பள்ளி மாற்றுச் சான்று, மருத்துவமனைப் பதிவு, முகாம் பதிவேட்டில் பெயர் சேர்த்த தேதி எல்லாம் ஒரே தேதியைச் சொல்லுகின்றனவா என்று முதலில் பாருங்கள். பள்ளியில் சேர்க்கும்போது வாத்தியார் வாயில் வந்த தேதியைப் போட்டுவிட்ட கதை இங்கே ஏராளம். 1987 ஜூனுக்கும் ஜூலைக்கும் நடுவில் அப்படி ஒரு தவறு விழுந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆதார் இருக்கு, வங்கிக் கணக்கு இருக்கு, லைசென்ஸ் இருக்கு. இது போதாதா?

போதாது. ஓராண்டில் 182 நாள் இங்கே வசித்த எவரும் ஆதார் வாங்கலாம். அது குடியுரிமைக்குச் சான்றாகாது என்று ஆதார் சட்டமே சொல்கிறது. இங்கே வசித்ததைக் காட்ட உதவும், அவ்வளவுதான்.

ஒரு ஆள் வோட்டர் ஐடியும் பாஸ்போர்ட்டும் எடுத்துத் தாரன் எண்டு காசு கேக்கிறார். குடுக்கலாமா?

கொடுக்காதீர்கள். குடிமகன் அல்லாதவர் தேசத்தை மறைத்து இந்திய பாஸ்போர்ட் வாங்கினால், பாஸ்போர்ட் சட்டத்தில் குறைந்தது ஓராண்டு, அதிகபட்சம் ஐந்தாண்டு சிறை. வாக்காளர் பட்டியலில் பொய் உறுதிமொழி கொடுத்தால் ஓராண்டு வரை சிறை. தண்டனை ஒரு பக்கம் இருக்கட்டும். இயல்புரிமை கேட்கும்போது நன்னடத்தையைப் பார்ப்பார்கள். அன்றைக்கு இந்தப் பழைய அட்டை எழுந்து நிற்கும். காசு வாங்கின ஆள் அப்போது பக்கத்தில் இருக்க மாட்டார்.

சி.ஏ.ஏ. எண்டு சட்டம் வந்ததே. நாங்களும் இந்துக்கள்தானே, எங்களுக்கு ஏன் இல்லை?

2019 டிசம்பரில் நிறைவேறிய அந்தக் குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் ஆகிய மூன்று நாடுகளிலிருந்து 2014 டிசம்பர் 31க்குள் வந்த இந்து, சீக்கிய, பௌத்த, சமண, பார்சி, கிறிஸ்தவர்களுக்கானது. 2024 மார்ச் 11 அன்று விதிகளும் வந்துவிட்டன. பட்டியலில் இலங்கை இல்லை. இணையதளத்தில் அந்த விண்ணப்பத்தைத் திறந்து இலங்கையைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

போன வருசம் எங்களுக்கு ஏதோ விலக்கு குடுத்ததாப் பேப்பரில வந்ததே? அப்ப நாங்கள் இனி சட்டவிரோதம் இல்லைதானே?

2025 செப்டம்பரில் வந்த ஆணையைக் கேட்கிறீர்கள். குடியேற்றம் மற்றும் வெளிநாட்டவர் சட்டம் 2025 அந்த மாதம் நடைமுறைக்கு வந்தது. பாஸ்போர்ட், விசா இல்லாமல் நுழைந்தால் ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம் என்கிறது அது. 2015 ஜனவரி 9 வரை இங்கே தஞ்சம் புகுந்து, பதிவு செய்துள்ள இலங்கைத் தமிழருக்கு அந்தத் தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு கொடுத்தார்கள். நல்ல விஷயம்தான். பாஸ்போர்ட் இல்லை என்று இனி வழக்குப் போட மாட்டார்கள். ஆனால் குடியுரிமைச் சட்டத்தில் உள்ள ‘சட்டவிரோதக் குடியேறி’ என்ற வரையறையை அந்த ஆணை மாற்றவில்லை. இரண்டாவது கேள்வியில் சொன்ன தடை அப்படியேதான் நிற்கிறது.

2022இல் இலங்கைப் பொருளாதார நெருக்கடியில் அரிச்சல்முனைப் பக்கம் வந்து இறங்கியவர்கள் இந்த விலக்கிலும் வரமாட்டார்கள். தேதி தாண்டிவிட்டது.

எங்கட தாத்தா முதுகுளத்தூர்ப் பக்கம். தேயிலைத் தோட்டத்துக்குப் போனவர். எங்களை எப்படி வெளிநாட்டவர் எண்டு சொல்ல ஏலும்?

இந்தக் கேள்வியில்தான் விஷயம் கனமாக இருக்கிறது. இன்றைய மண்டபம் முகாமே, வெள்ளைக்காரன் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை நோய்த்தடுப்புக்காக நிறுத்திவைத்த இடம். தாத்தா போனபோது தங்கிய அதே வளாகத்தில் பேரன் அகதியாக வந்து தங்கிய குடும்பங்கள் உண்டு.

1964 அக்டோபர் 30 அன்று கையெழுத்தான ஸ்ரீமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம், மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவும் 3,00,000 பேரை இலங்கையும் ஏற்கும் என்றது. மீதி 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். இந்தியக் குடியுரிமைக்கு மனுப் போட்டுக் காத்திருந்தவர்கள் பலர். 1983 கலவரம் வந்தது, 1984இல் தலைமன்னார்–இராமேஸ்வரம் கப்பல் நின்றது. ஒப்பந்தப்படி கப்பலில் வந்திருந்தால் தாயகம் திரும்பியவர். அதே ஆள் படகில் வந்ததால் அகதி.

2019 ஜூனில் மதுரைக் கிளை இப்படிப்பட்ட 65 பேரின் வழக்கில், புதிதாக மனுக் கொடுங்கள், ஆட்சியர் தாமதமின்றி அனுப்ப வேண்டும், மத்திய அரசு 16 வாரத்தில் முடிவெடுக்க வேண்டும் என்றது. குடியுரிமை கொடு என்று உத்தரவிடவில்லை, பரிசீலிக்கத்தான் சொன்னது. உங்களுக்கு வேண்டிய ஆவணம்: ஒப்பந்தக் கால இந்திய பாஸ்போர்ட்டோ குடும்ப அட்டையோ, தோட்டத்துப் பதிவு, இங்கே சொந்த ஊரில் தாத்தா பெயரில் உள்ள பட்டா அல்லது பத்திரம். ஊரில் பங்காளிகள் இருந்தால் முதலில் அவர்கள் வீட்டுப் பரணைப் பாருங்கள். அலுவலகத்தில் கிடைக்காதது அங்கே கிடைத்திருக்கிறது.

இன்னொரு நுணுக்கம். 5ஆம் பிரிவில் ‘இந்திய வம்சாவளி’ என்றால் நீங்களோ உங்கள் தாய் தகப்பனில் ஒருவரோ பிரிக்கப்படாத இந்தியாவில் பிறந்திருக்க வேண்டும். தாத்தா பிறந்தது கணக்கில் வராது. ஓ.சி.ஐ. அட்டைக்கு மட்டும் பேரன், கொள்ளுப்பேரன் வரை போகலாம். ஆனால் செல்லுபடியாகும் வெளிநாட்டு பாஸ்போர்ட் இல்லாமல் அந்த விண்ணப்பம் நகராது.

என் மகன் முகாம் பொண்ணைக் கட்டிருக்கான். மருமகளுக்கு இந்தியா குடியுரிமை வந்துரும்ல?

கல்யாணத்தால் தானாக வராது. இந்தியரை மணந்து 7 ஆண்டு இங்கே வசித்தவர் பதிவு கேட்கலாம். ஆனால் வாசல் தடை மருமகளுக்கும் உண்டு. அவர் சிறுவயதில் படகில் வந்தவரா, முகாமில் பிறந்தவரா என்று முதலில் கேளுங்கள். இரண்டும் வேறு. சட்டவிரோதக் குடியேறி என்றால் இந்தியாவுக்குள் ‘நுழைந்த’ வெளிநாட்டவர். இங்கேயே பிறந்தவர் எங்கிருந்து நுழைந்தார்? 1993இல் திருச்சியில் பிறந்த ஒரு பெண்ணின் வழக்கில் 2022 அக்டோபரில் மதுரைக் கிளை, அவர் ஒருபோதும் இலங்கைக் குடிமகளாக இருந்ததில்லை, கோரிக்கையை மறுத்தால் நாடற்றவர் ஆகிவிடுவார் என்று குறிப்பிட்டது. முகாமில் பிறந்தவர்களுக்கு இது நல்ல பிடி. மனுவோடு அந்தத் தீர்ப்பின் நகலை வைக்கச் சொல்லி வக்கீலிடம் கேளுங்கள்.

கல்யாணத்தைப் பதிவு செய்யாமல் விடாதீர்கள். கோயிலில் தாலி கட்டிய போட்டோவை மட்டும் நம்பிக் காரியம் நடக்காது.

அப்ப பேரப்பிள்ளைக? அப்பன் இந்தியன்தானே?

2004க்குப் பிறகு பிறந்த பிள்ளை என்றால், பிறப்பைப் பற்றிய பதிலில் சொன்ன கடைசி விதி இங்கே கடிக்கும். தகப்பன் இந்தியராக இருந்தும் தாய் படகில் வந்தவர் என்றால், பிள்ளை பிறப்பால் இந்தியர் இல்லை என்று அதிகாரிகள் சொல்ல இடமிருக்கிறது. தாய் முகாமில் பிறந்தவர் என்றால் மேலே சொன்ன வாதம் பிள்ளைக்கும் உதவும். தவிர, விசேஷ சூழ்நிலையில் எந்த மைனரையும் குடிமகனாகப் பதிய மத்திய அரசுக்கு 5ஆம் பிரிவிலேயே அதிகாரம் உண்டு. பதினெட்டு முடிவதற்குள் அந்த மனுவைப் போட்டுவிட வேண்டும். பிள்ளை பிளஸ் டூ முடித்து கலந்தாய்வுக்குப் போகும்போதுதான் பலர் ஓடி வருகிறார்கள்.

என் வைஃப் விசால பிளேன்ல வந்தவ. அவளுக்கும் இதே பாடா?

இல்லை, இது லேசு. விசாவை ஒரு நாள்கூடக் காலாவதியாக விடாதீர்கள், அவ்வளவுதான். நீட்டிப்பு ஆன்லைனில் நடக்கும். மாவட்டத்தில் வெளிநாட்டவர் பதிவு அதிகாரி என்றால் எஸ்.பி. அலுவலகம். கல்யாணம் பதிவாகி இரண்டு ஆண்டு ஆனதும் ஓ.சி.ஐ. கேட்கலாம். அதில் வாக்குரிமை கிடையாது, விவசாய நிலம் வாங்க முடியாது. அட்டை கிடைத்து ஐந்தாண்டு ஆன பிறகு, அதில் கடைசி 12 மாதம் இங்கே வசித்திருந்தால், குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம்.

வாப்பா கீழக்கரை. வியாபாரத்துக்குப் போன இடத்துல நான் கொழும்புல பொறந்தேன். நான் இந்தியனா, சிலோன்காரனா?

1992 டிசம்பர் 10க்கு முன் பிறந்திருந்தால், பிறந்தபோது வாப்பா இந்தியக் குடிமகனாக இருந்தாலே வம்சாவளியால் நீங்கள் இந்தியர். அந்தக் காலத்தில் உம்மா மட்டும் இந்தியர் என்றால் செல்லாது. அந்தத் தேதிக்குப் பிறகு தாயோ தகப்பனோ யாராக இருந்தாலும் சரி. 2004 டிசம்பர் 3க்குப் பிறகு வெளிநாட்டில் பிறந்த பிள்ளையை ஓராண்டுக்குள் இந்தியத் தூதரகத்தில் பதிய வேண்டும். வாப்பாவே வெளிநாட்டில் பிறந்து வம்சாவளியால் இந்தியர் ஆனவர் என்றால் விதி வேறு, பதிவு இருந்ததா என்று பார்க்க வேண்டும்.

ஒரே கண்ணி: வளர்ந்த பிறகு நீங்களாக இலங்கைக் குடியுரிமை வாங்கியிருந்தால் 9ஆம் பிரிவில் இந்தியக் குடியுரிமை போய்விட்டது. இரண்டு பாஸ்போர்ட்டும் பீரோவில் இருக்கிறது என்று பெருமையாகச் சொல்லாதீர்கள்.

சென்னையில ஸ்ரீலங்கா தூதரகத்தில பிள்ளையின்ர பிறப்பைப் பதிஞ்சா, இங்க குடியுரிமை கிடைக்காமப் போகுமா?

எந்தப் பிள்ளை என்பதைப் பொறுத்தது. பிறப்பால் இந்தியர் என்ற கணக்கில் வருகிறவர் அங்கே போய்த் தன்னை இலங்கையராகப் பதிவது தன் கையாலேயே கேஸைக் கெடுப்பது. மற்றவர்களுக்கு நிலைமை வேறு. இங்கேயும் இல்லை, அங்கேயும் இல்லை என்று நிற்பதைவிட ஒரு நாட்டின் தாளாவது கையில் இருப்பது நல்லது என்பது என் அபிப்பிராயம். குடியுரிமை விண்ணப்பமும் வெளிநாட்டு பாஸ்போர்ட் நகலைக் கேட்கத்தான் செய்கிறது. ஆனால் ‘நாடற்றவர்’ என்ற அடிப்படையில் நீதிமன்றம் போக நினைப்பவர், பதிவதற்கு முன் வக்கீலைப் பார்க்க வேண்டும்.

திரும்பிப் போய், பாஸ்போர்ட் எடுத்து, விசாவில வந்தா எல்லாம் சரியாகிடும்தானே?

தாளில் சரி. அப்படி வந்தால் வாசல் தடை இருக்காது. ஆனால் வருஷக் கணக்கு அன்றிலிருந்து புதிதாக ஓடும், பழைய முப்பது வருஷம் எதற்கும் உதவாது. விசா கொடுத்தே ஆக வேண்டும் என்ற கட்டாயமும் யாருக்கும் இல்லை. சுற்றுலா விசாவில் வந்து ஏழு வருஷம் தங்கவும் முடியாது. இந்தியரை மணந்தவருக்கு இது ஓரளவு பொருந்தும். முழுக் குடும்பமும் போவதாக இருந்தால் நான் ஆம் என்று சொல்ல மாட்டேன்.

விண்ணப்பத்தை எங்க குடுக்கிறது?

உள்துறை அமைச்சகத்தின் குடியுரிமை இணையதளத்தில் நிரப்பி, ஆவணங்களை ஏற்றி, அச்செடுத்து, அசலோடு கலெக்டர் அலுவலகத்தில் கொடுக்க வேண்டும். முகாமில் இருப்பவர் தனித்துணை ஆட்சியர் அலுவலகத்துக்கும் தகவல் சொல்லிவிடுவது நல்லது, எப்படியும் விசாரணை அங்கே வரும். போலீஸ் அறிக்கை, மாநில அரசு, பிறகு டெல்லி. ஏற்றுக்கொண்டால் பழைய குடியுரிமையைத் துறந்து, விசுவாச உறுதிமொழி எடுக்க வேண்டும். இயல்புரிமைக்கு அரசியலமைப்பின் எட்டாவது அட்டவணையில் உள்ள, தமிழ் போன்ற மொழிகளில் ஒன்று தெரிந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையில் மட்டும் நமக்குக் கவலை இல்லை.

பெயர் எழுத்துதான் பெரிய தலைவலி. இலங்கைப் பிறப்புச் சான்றில் தகப்பன் பெயர் முன்னால், முகாம் அட்டையில் முதலெழுத்தாக, ஆதாரில் பின்னால். எல்லாம் ஒரே ஆள்தான் என்று நோட்டரி முன்னால் உறுதிமொழிப் பத்திரம் போட்டுக்கொள்ளுங்கள். தெரிந்தே பொய்த் தகவல் கொடுத்தால் ஐந்தாண்டு வரை சிறை என்று குடியுரிமைச் சட்டம் சொல்கிறது. அதனால் படகில் வந்ததை மறைத்து ‘கப்பலில் வந்தேன்’ என்று எழுதச் சொல்லாதீர்கள், நான் எழுத மாட்டேன்.

கோர்ட்டுக்குப் போனா கிடைச்சிடுமா?

நீதிமன்றம் குடியுரிமையைக் கையில் கொடுக்காது. மேலே சொன்ன வழக்குகளில் ஒன்று பாஸ்போர்ட் வழக்கு, அது ஏற்கெனவே இந்தியரான ஒருவருக்கானது. மற்றவை ‘மனுவைப் பார்’ என்ற உத்தரவுகள். 2025 மே மாதம் வேறொரு இலங்கைத் தமிழர் வழக்கில் உச்ச நீதிமன்றம், உலகெங்கிலுமிருந்து வருகிறவர்களை ஏற்க இந்தியா தர்மசாலை அல்ல என்ற பொருளில் பேசியது. மதுரையில் வீசும் காற்றுதான் டெல்லியிலும் வீசும் என்று நினைக்க வேண்டாம்.

மனுக் குடுத்து வருசக்கணக்கா ஆச்சு. ஒரு பதிலும் இல்லை. தகவல் உரிமைச் சட்டத்தில கேக்கலாமா?

அந்தச் சட்டம் குடிமக்களுக்கு உரிமை என்றுதான் சொல்கிறது. குடியுரிமை கேட்பவர் அந்தக் குடியுரிமை மனு என்ன ஆனது என்று அதில் கேட்டால், அதைக் காட்டியே மறுக்கலாம். இந்தியரான கணவரோ மனைவியோ தன் பெயரில் கேட்டுப் பார்க்கலாம், ஆனால் அடுத்தவரின் சொந்தத் தகவல் என்று மறுக்கவும் வாய்ப்பு உண்டு. இணையதளத்தில் விண்ணப்ப எண்ணைப் போட்டு நிலையைப் பார்க்கலாம். அதுவும் அசையாவிட்டால், மனுவின் மீது முடிவெடுக்கச் சொல்லி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். அரசியலமைப்பின் 226ஆவது பிரிவில் ரிட் போடக் குடிமகனாக இருக்க வேண்டியதில்லை. அதற்கு மனுக் கொடுத்த அன்று வாங்கிய ஒப்புகைச் சீட்டு வேண்டும். முத்திரையோடு வாங்காமல் கலெக்டர் அலுவலகத்தை விட்டு வெளியே வராதீர்கள். வாங்கியதும் இரண்டு ஜெராக்ஸ் எடுத்து, ஒன்றை வெளியூரில் இருக்கும் சொந்தக்காரர் வீட்டில் வையுங்கள்.